11,490 என்றால் எவ்வளவு?

அன்று எடை மேடையில் இருந்தவர்கள்: முதலாளி, திராட்சை வியாபாரி முத்துவேல், கணக்கு வாத்தியார் தனுஷ்கோடி, அவர் மனைவி ஈஸ்வரி, சீட்டு எழுதும் நான். ஆக ஐந்து பேர். லாரி டிரைவர் கேபினில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை அரை ஆளாக வைத்தால் ஐந்தரை. பள்ளிக்கூட வழக்கப்படி ரவுண்டு செய்தால் ஆறு. எங்கள் முதலாளி வழக்கப்படி செய்தால், சாட்சி சொல்ல அங்கே யாருமே இல்லை.

இதை எழுத வைத்தது சண்முகப்பிரியா. சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டி போகிற சாலையில் உள்ள அந்த எடை மேடையில், நான் இருபத்திரண்டு வருசம் தேய்த்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். பி.காம். படித்த பிள்ளை. கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் வைத்துவிட்டார்கள்; லாரி ஏறினால் சீட்டு தானாக அச்சாகி வருகிறதாம். மேசையைச் சுத்தம் செய்தபோது டிராயர் அடியில் என் கையெழுத்தில் ஓர் அட்டை கிடைத்ததென்று போன் போட்டாள்.

"அங்கிள், இதென்ன, '480 என்றால் 475க்குக் குறையாது, 485க்கு மேல் போகாது'ன்னு எழுதி, கீழ மூணு கோடு இழுத்து வச்சிருக்கீங்க? மந்திரமா?"

"மந்திரம்தாம்மா. கிழிச்சிராத."

"இந்த வேலையில கத்துக்க என்ன அங்கிள் இருக்கு? மிஷின்தான் எல்லாம் பண்ணுதே!"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்குத் தூக்கம் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று முறை எழுந்து பார்க்கிறவன் நான். ஒன்றுமில்லை என்று சொன்னது தப்பு எடை போட்டது மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

எட்டாம் வகுப்பில் தசமப் புள்ளி உள்ளே வந்தது, நான் வெளியே வந்தேன். அப்புறம் செங்கல் சூளை, லாரி ஆபீஸ், கொஞ்ச நாள் மளிகைக் கடை. முப்பத்தாறு வயதில் இந்த மேடைக்கு வந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வாரம் பழக்கிவிட்டார். அந்த ஒரு வாரத்தில் ஆறு நாள் லாட்டரி பற்றிப் பேசினார். ஏழாம் நாள் வேலையைச் சொன்னார்.

வேலை இதுதான். காலையில் மேடைக்கும் சுற்றுக் காரைக்கும் நடுவில் உள்ள இடுக்கைக் கம்பியால் நோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கடலை அளவு கல் அகப்பட்டுக்கொண்டால் போதும், மேடை அசையாது, எடை பொய்யாகிவிடும். திரையில் சுழியம் வந்ததா என்று பார்க்க வேண்டும். நாலு இருபது கிலோ படிக்கல்லை நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். லாரி ஏறினால் எல்லாச் சக்கரமும் மேடைமேல் இருக்கிறதா, இன்ஜின் நின்றதா, டிரைவரும் கிளீனரும் இறங்கினார்களா என்று பார்க்க வேண்டும். எண் ஆடி அடங்கும்வரை கை பேனாவைத் தொடக் கூடாது. அடங்கியதும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலிவண்டிக்கு ஒரு சீட்டு, பாரவண்டிக்கு ஒரு சீட்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. கழிப்பது சீட்டுக்காரன் வேலை இல்லை. வாயைத் திறப்பதும் அவன் வேலை இல்லை.

அந்தத் திரை பத்துப் பத்தாகத்தான் எண்ணும். 11,480, அடுத்தது 11,490. நடுவில் எதுவும் கிடையாது. இது தெரிந்த முதல் மாதம் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. 11,480 என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். உள்ளே இருப்பது 11,484 ஆக இருந்தால்? அந்த நாலு கிலோ யார் பாவத்தில் எழுதப்படும்? முதலாளியிடமே கேட்டேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடை மேடை, அரிசி ஆலை, சிமென்ட் கடை என்று பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுப்பவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு கடுஞ்சொல் இருக்காது. யாரையும் அதட்டமாட்டார். யார் என்ன கணக்குச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வெல்லம் கரைகிற மாதிரி, "ரவுண்டா சொல்லுய்யா" என்பார். அவருக்கு வர வேண்டியது 4,860 என்றால் ரவுண்டாக ஐயாயிரம். அவர் கொடுக்க வேண்டியது 4,860 என்றால் ரவுண்டாக நாலாயிரத்து ஐந்நூறு. அவருடைய வட்டம் எப்போதும் ஒரு பக்கம் வீங்கிய வட்டம்.

"நாலு கிலோவா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார். "ராசு, நீ சாப்பிட்டு வந்து உக்காந்தா அதுவே ஒரு கிலோ கூடும். போயி ரவுண்டா வேலையப் பாரு."

என் சந்தேகத்தைத் தீர்த்தவர் தனுஷ்கோடி வாத்தியார். பழனிசெட்டிபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். ஓடைப்பட்டியில் மனைவி வழி வந்த திராட்சைத் தோட்டம். ஒருநாள் தோட்டத்துக்கு எரு ஏற்றிய வண்டியோடு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு குட்டி லாரிக்காரன் காலிவண்டியை எடைக்கு நிறுத்திவிட்டு, டூல் பெட்டியில் ஒவ்வொரு கல்லாகப் போட்டுக்கொண்டிருந்தான். திரையில் 1,010 இருந்தது. எட்டாவது கல்லில் சட்டென்று 1,020 ஆனது. உடனே நிறுத்திவிட்டு, "எழுதுண்ணே" என்றான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உள்ளே இருப்பது 1,015தான். காலிவண்டியில் ஐந்து கிலோ ஏறினால், ஒவ்வொரு நடைக்கும் சரக்கில் ஐந்து கிலோ குறையும்; சரக்கை வாங்குகிறவனுக்கு அது லாபம். கல்லை எல்லாம் இறக்கச் சொன்னேன். என்னை என்னென்னவோ திட்டிக்கொண்டே இறக்கினான்.

வாத்தியாருக்கு அதைப் பார்த்து அப்படி ஒரு சந்தோசம். சாக்கட்டியை எடுத்து மேடைச் சுவரில் ஒரு கோடு போட்டார். "பாருங்க ராசு. ஆயிரத்துப் பத்துன்னு காட்டினா அது ஒரு புள்ளி இல்ல, ஒரு வீடு. ஆயிரத்து அஞ்சுல வாசல், ஆயிரத்துப் பதினஞ்சுல கொல்லை. உள்ள எங்கன வேணாலும் உக்காந்திருக்கும். இது கீழ் எல்லை, அது மேல் எல்லை. கழிக்கிறப்ப சரக்கு எவ்வளவுக்குக் குறையாதுன்னு தெரியணும்னா, பாரவண்டியோட கீழ் எல்லையில இருந்து காலிவண்டியோட மேல் எல்லையைக் கழிக்கணும். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். எனக்குப் பத்து வருசக் காய்ச்சல் விட்டது. உள்ளே எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், எவ்வளவுக்குக் குறையாது என்று தெரியும். பயந்தவனுக்கு அது போதும். அன்றைக்கே அட்டையில் எழுதி டிராயரில் வைத்தேன். சண்முகப்பிரியா கண்டெடுத்தது அதைத்தான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அன்று எனக்கு வேலையில் இருபத்திரண்டு வருசம், ஐந்து மாதம், இருபத்தொரு நாள். இவ்வளவு துல்லியமாக ஏன் எண்ணி வைத்திருந்தேன் என்றால், தேனியில் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு வந்திருந்தேன். வேலையை விட்டுப் போகும்போது வருசத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் பணிக்கொடை. என் சம்பளம் 11,700. மாதத்தை இருபத்தாறு நாளாக வைத்தால் வருசத்துக்கு 6,750 ரூபாய் வரும். மிச்சத் துண்டு ஆறு மாதத்தைத் தாண்டினால் அது முழு வருசம்; தாண்டாவிட்டால் சுழியம். சர்க்காரும் ரவுண்டுதான் போடுகிறது. இன்னும் பத்தே நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் இருபத்து மூன்று வருசக்காரன். நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம்கூடப் போடவில்லை, முதலாளி கண்ணில் பட்டுவிடும் என்று.

பகல் பன்னிரண்டு மணிக்கு முத்துவேலின் லாரி வாத்தியார் தோட்டத்துப் பன்னீர் திராட்சை மட்டும் ஏற்றி வந்தது. முத்துவேல் கம்பத்துக்காரர்தான், சரக்கைக் குமுளி வழியாக மேலே அனுப்பி அனுப்பி, பாதி மலையாளம் ஆகிவிட்டவர். மலை ஏறுமுன் எங்களிடம் பாரச் சீட்டு வாங்குவது வழக்கம். மாதக் கணக்கு. முதலாளிக்கு அவர்தான் பெரிய வாடிக்கை. லாரிக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வாத்தியாரும் ஈஸ்வரியும் வந்தார்கள். விற்ற பழத்தின் பின்னால் தோட்டக்காரர்கள் மேடைக்கு வருவது வழக்கமில்லை.

டிரைவரை இறக்கி எடை போட்டேன். 11,490. காலையில் காலிவண்டி 4,760. சீட்டை எழுதிக் கொடுத்தேன். டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டார். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டியது.

"அண்ணே," என்றாள் ஈஸ்வரி என்னிடம். "இந்த லாரியில எங்க பழம் எத்தனை கிலோ இருக்குன்னு சொல்லுங்க."

"அதான் தோட்டத்துலயே கணக்குப் போட்டாச்சே!" என்றார் முத்துவேல். "முந்நூறு பெட்டி. பெட்டிக்கு இருபது கிலோ. ஆறாயிரம் கிலோ. கிலோ நாப்பது ரூவா. ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் கையில குடுத்தாச்சு. சாரே, மதி, போதும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

தோட்டத்து வழக்கம் என்னவென்றால், முந்நூறு பெட்டியையும் எடை போட நேரம் கிடையாது. மாதிரிக்கு ஒரு பெட்டி. பழத்தோடு அந்தப் பெட்டி 22.4 கிலோ காட்டியது. "ரவுண்டா இருபத்திரண்டு" என்றார் முத்துவேல். வெறும் பிளாஸ்டிக் பெட்டி 1.6. "ரவுண்டா ரெண்டு." கழித்தால் இருபது. வாத்தியாரும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார், தலையையும் ஆட்டியிருக்கிறார்.

"பாயின்ட் நாலுன்னா கீழ இறக்கணும், பாயின்ட் ஆறுன்னா மேல ஏத்தணும். விதி சரிதானே ஈஸ்வரி," என்றார் வாத்தியார், இப்போதும்.

"கீழ இறக்குனதும் நம்ம தலையில, மேல ஏத்துனதும் நம்ம தலையிலயா? அதென்ன ஒரே தலைய தேடி வர்ற விதி?" என்றாள் அவள். "ஏங்க, காலையில இருந்து பெட்டி தூக்குனவ நானு. இருபதா, இருபத்தொண்ணான்னு என் இடுப்புக்குத் தெரியாதா?"

"இடுப்பெல்லாம் அளவைக் கருவி ஆகாது, ஈஸ்வரி."

"அப்ப உங்க தலைய ஆட்டுனீகளே, அது எந்தக் கருவி?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "டீச்சருக்கும் டீச்சரம்மாவுக்கும் ஒரு டீ சொல்லு ராசு. சில்லறைக்குப் போயி ஏன் சண்டை?"

அப்போதுதான் வாத்தியாருக்குள் ஏதோ முழித்துக்கொண்டது. முத்துவேல் கையில் இருந்த சீட்டைப் பிடுங்கிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். "இருங்க, இருங்க. இருபத்திரண்டுன்னா இருபத்தொண்ணரையில இருந்து இருபத்திரண்டரை வரைக்கும். ரெண்டுன்னா ஒண்ணரையில இருந்து ரெண்டரை. கழிச்சா குறைஞ்சது பத்தொன்பது, கூடுனது இருபத்தொண்ணு. முந்நூறால பெருக்குங்க. ஐயாயிரத்து எழுநூறுல இருந்து ஆறாயிரத்து முந்நூறு வரைக்கும்!" முகம் பிரகாசமாகிவிட்டது. "அருமையான கணக்கு. பத்தாம் வகுப்புக்கு அப்படியே குடுக்கலாம். நடுவுல அறுநூறு கிலோ ஓடுது பாருங்க!"

"அறுநூறு கிலோவா?" என்றாள் ஈஸ்வரி.

"ஆனா இவர் சொன்ன ஆறாயிரமும் அந்த எல்லைக்கு உள்ளதான் இருக்கு. அதனால தப்புன்னு சொல்ல முடியாது."

எனக்கு வீட்டையும் வாசலையும் கொல்லையையும் காட்டிக் கொடுத்த மனிதர், தன் திராட்சை கொல்லை வழியாகப் போவதைத் திண்ணையில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். ஈஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அவரு பாடம் எடுத்துட்டு வரட்டும். அண்ணே, நீங்க சொல்லுங்க. இந்த மேடை என்ன சொல்லுது?"

முதலாளி கண்ணைத் திறந்தார். இருபத்திரண்டு வருசத்தில் அவர் முழுக் கண்ணையும் நான் பார்த்தது அன்றுதான். "ராசு, சீட்டுக் குடுத்தாச்சுல்ல? கடையில சிமென்ட் லோடு வந்திருக்கு, போயி எண்ணு."

கால் எழுந்தது உண்மை. பத்து நாள், பத்து நாள் என்று காதுக்குள் அடித்தது. ஆனால் பேசாமல் போனால் இந்த 11,490ஐப் பொய்க்கு விட்டுவிட்டுப் போகிறேன் என்றும் அடித்தது. கேஸ் அடுப்புக்கே மூன்று முறை எழுந்திருப்பவன், இதற்கு ஆயுள் முழுக்க எழுந்திருக்க வேண்டிவரும். இதை யாரும் துணிச்சல் என்று எழுத வேண்டாம். இரண்டு பயம் இருந்தது, பெரிய பயம் ஜெயித்தது.

"ஒரு பத்து காலிப் பெட்டி குடுங்க," என்றேன் முத்துவேலிடம். முந்தின நடையின் காலிப் பெட்டிகள் மேடை ஓரத்தில் அடுக்கியிருந்தன. அதே அளவு, அதே கம்பெனி. சின்னத் தராசில் வைத்தேன். அது நூறு நூறு கிராமாகக் காட்டும். 16.0.

"பத்துப் பெட்டி பதினாறு கிலோ. ஐம்பது கிராம் கூட இருக்கலாம். முந்நூறுக்கு நானூத்து எண்பதுக்கு மேல ஒண்ணரை கிலோ. நான் ரெண்டாவே வச்சுக்கிறேன். நானூத்து எண்பத்திரண்டு." டிராயரைத் திறந்து அட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். "பாரவண்டி பதினோராயிரத்து நானூத்து எண்பத்தஞ்சுக்குக் குறையாது. காலிவண்டி நாலாயிரத்து எழுநூத்து அறுபத்தஞ்சுக்கு மேல போகாது. கழிச்சா ஆறாயிரத்து எழுநூத்து இருபது. பெட்டி போக ஆறாயிரத்து இருநூத்து முப்பத்தெட்டு. பழம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. இதுக்குக் குறையாது. அது தெரியும்."

"அப்ப ஆறாயிரம் எல்லைக்கு வெளிய!" என்று கைதட்டினார் வாத்தியார். பதில் புத்தகத்தோடு ஒத்துப்போன பையனைப் பாராட்டுகிற மாதிரி. "நல்லாச் சொன்னாக பாரு ஈஸ்வரி!"

"நல்லாத்தான் சொன்னாக. இருநூத்து முப்பத்தெட்டு கிலோ, நாப்பது ரூவா," என்றாள் அவள். அவளும் வாயால்தான் பெருக்கினாள். "ஒம்பதாயிரத்து ஐந்நூத்து இருபது."

முத்துவேல் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வானத்தைப் பார்த்தார். இலை, காம்பு, ஈரம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார் முத்துவேல்.

"காம்போட சேர்த்துத்தான நாப்பது ரூவா பேசினீக? காம்பில்லாம வேணும்னா எம்பது ரூவா. இறக்கட்டுமா, உக்காந்து உதுத்துத் தரட்டுமா?"

லாரி நிற்க நிற்கப் பழம் கசியும். மாலைக்குள் மலை ஏற வேண்டும். முத்துவேல் பையைத் திறந்தார். பத்தொன்பது ஐந்நூறு ரூபாய்த் தாள். "இந்தா, ரவுண்டா ஒம்பதாயிரத்து ஐந்நூறு. தீந்துச்சு சேச்சி."

ஈஸ்வரி பணத்தை முந்தியில் முடிந்துகொண்டாள். மறுபடி கையை நீட்டினாள்.

"இன்னும் என்ன?"

"இருபது ரூவா."

"இருபது ரூவாய்க்கா இப்படி நிக்கிறீங்க?"

"இருபது ரூவாய்க்குத்தான். ரவுண்டா போனதெல்லாம் போதும்."

நீட்டிய கை மடங்கவே இல்லை. வாத்தியார் கூச்சத்தில் ஸ்கூட்டரைத் துடைக்கப் போய்விட்டார். கடைசியில் டிரைவரை எழுப்பி, அவர் சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாய் வாங்கிக் கொடுத்தார் முத்துவேல். அரை ஆளாக இருந்த டிரைவர் அந்த நிமிசம் முழு ஆள் ஆனார்.

எல்லோரும் போனபின் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லை. வெல்லம் கரைந்துகொண்டிருந்தது.

"ராசு, உனக்கு ஓய்வு வேணும். நாளையிலிருந்து வர வேண்டாம். அறுபதாச்சுல்ல?"

"ஐம்பத்தெட்டு முதலாளி."

"ரவுண்டா சொன்னேன்."

"ஒரு பத்து நாள் மட்டும் இருந்துட்டுப் போறேன் முதலாளி. அப்பத்தான் ஆறு மாசம் தாண்டும்."

"பத்து நாள்ல என்னய்யா கூடிறப் போகுது?" என்றார். என்ன கூடும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "சரி, எத்தனை வருசம் வேலை பாத்த?"

"இருபத்திரண்டு வருசம், அஞ்சு மாசம், இருபத்தொரு நாள்."

கண்ணை மூடிக்கொண்டார். "ரவுண்டா இருபது."

இருபதுக்குத்தான் காசோலை வந்தது. ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். மறுவாரம் வாத்தியார் வீட்டுக்கு வந்து எனக்காக வருத்தப்பட்டார். காகிதம் கேட்டு வாங்கிக் கணக்கும் போட்டார். "சட்டப்படி பாத்தா அந்த அஞ்சு மாசத் துண்டு சுழியம்தான் ராசு. விதி சரியாத்தான் இருக்கு," என்றார். ஈஸ்வரி ஒரு பெட்டி பன்னீர் திராட்சையை என் வாசலில் இறக்கினாள். "எடை போடலண்ணே," என்றாள்.

சண்முகப்பிரியா, நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். அந்த அட்டையை டிராயரிலேயே வை. இதன் நகல் ஒன்றைத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவோடும் இணைத்திருக்கிறேன். முதலாளி மேடைக்கு வரும்போது இந்தக் கடைசி வரிகளை மட்டும் வாசித்துக் காட்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார், பரவாயில்லை. ஈஸ்வரி மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது, எழுத வரும்.

பத்து நாள் குறைந்த துண்டை நான் கேட்கவில்லை. முழுதாக முடிந்தது இருபத்திரண்டு வருசம், வருசத்துக்கு 6,750, ஆக 1,48,500. வந்தது 1,35,000. முதலாளி தர வேண்டிய பாக்கி, இதற்குக் குறையாது: பதிமூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய்.